பெட் எலி கூண்டுல என்ன விரிக்கலாம், என்ன விரிக்கவே கூடாது: நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஏத்த ஒரு கைடு

கூண்டு எவ்ளோ பெருசா வேணும், என்ன தீனி போடணும்னு எல்லாரும் முதல் நாளே கேட்டுடுறாங்க. அடியில என்ன விரிக்கிறதுங்கிற கேள்வி மட்டும் ரூம்ல நாத்தம் அடிக்க ஆரம்பிச்சப்புறம் தான் வருது, அதுக்குள்ள பாவம் எலி தும்ம ஆரம்பிச்சிருக்கும். நான் இங்க சொல்றது ஃபேன்சி ராட் (fancy rat)னு விக்கிறாங்களே அந்த வளர்ப்பு எலிய பத்தி மட்டும் தான், ஹாம்ஸ்டர் கணக்கு வேற, அதை இதோட குழப்பிக்காதீங்க.

நெட்ல தேடினா வர்ற முக்கால்வாசி தகவல் இங்கிலாந்து, அமெரிக்கா ஆளுங்க எழுதினது. அவங்க சொல்றது தப்புன்னு இல்ல, ஆனா அவங்க ஊர்ல குளிரு, வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடும், காத்து காஞ்சு கிடக்கும். ஆஸ்பென் மரச்சுருள் வாங்கு, நல்லா ஆழமா கொட்டு, மேல கம்பளி மாதிரி துணி போடுன்னு சொல்லுவாங்க. அதை அப்படியே சென்னையிலயோ தூத்துக்குடியிலயோ மே மாசத்துல செஞ்சா எலி சூட்டுல திணறிடும், ஐப்பசி கார்த்திகை மழையில செஞ்சா விரிச்சது காயவே காயாது, ரெண்டு நாள்ல பூஞ்சக்காளான் வாடை வரும். நம்ம ஊர்ல பெட்டிங் விஷயத்துல, அதாவது கூண்டு அடியில விரிக்கிற பொருள் விஷயத்துல, முதல் எதிரி ஈரம் தான், தூசி, வாசனை எல்லாம் அதுக்கு அடுத்தது. இதை மனசுல வச்சுக்கிட்டு கீழ படிங்க.

எலியோட மூக்கு எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல

எலி மூக்கால மட்டும் தான் மூச்சு விடும், நமக்கு மூக்கு அடைச்சா வாயால இழுத்துக்குறோம் பாருங்க, அதுக்கு அந்த வசதி கிடையாது. அதுவும் அந்த மூக்கு தரையிலேர்ந்து ரெண்டு விரக்கடை உயரத்துல, விரிச்சிருக்கிற பொருளுக்குள்ளயே இருபத்திநாலு மணி நேரமும் இருக்கு. அதுல தூசி இருந்தா நேரா உள்ள போகுது.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு, மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ்னு ஒரு கிருமி. கடையில விக்கிற வளர்ப்பு எலியில கிட்டத்தட்ட எல்லாமே இதை சுமந்துக்கிட்டு தான் வருது, முழுசா ஒழிக்கவும் முடியாது, மருந்து குடுத்து அடக்கி வைக்கலாம் அவ்ளோ தான். சும்மா தூங்கிட்டு இருக்குற அந்த கிருமிய எழுப்பி விடுறதுல பெரிய பங்கு அம்மோனியாவுக்கு. நல்லா வளர்ந்த எலி ஒண்ணு ஒரு நாளைக்கு சுமாரா 15 மில்லி மூத்திரம் போகும், அதுல இருக்குற யூரியாவை பாக்டீரியா உடைச்சு அம்மோனியாவா மாத்தும், ஈரமும் சூடும் சேர்ந்தா இந்த வேலை இன்னும் வேகமா நடக்கும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் பஞ்சமே இல்ல. 1976ல அமெரிக்காவுல இதுக்குன்னே ஒரு ஆய்வு பண்ணாங்க, 25லேர்ந்து 250 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல இத்தனை பங்கு) வரைக்கும் அம்மோனியா இருக்குற காத்துல எலிகளை வச்சு பாத்தாங்க, அம்மோனியாவுல இருந்த எலிகளுக்கு மைக்கோபிளாஸ்மா நோய் மூக்கு, காது, நுரையீரல்னு எல்லா இடத்துலயும் முத்திப் போச்சு. அதனால நாத்தத்தை நம்ம மூக்குக்கு வர்ற தொந்தரவுன்னு மட்டும் நினைக்காதீங்க, நீங்க நின்னுக்கிட்டே லேசா மோந்தா தெரியுற அளவுக்கு வந்தாச்சுன்னா அடியில எலி மூக்கு இருக்குற இடத்துல அதை விட கூடுதலா இருக்கும்.

எந்த பொருள் வாங்கினாலும் கூண்டுல போடுறதுக்கு முன்னாடி மூணு சோதனை பண்ணிடுங்க, காசு செலவே இல்ல. ராத்திரி லைட்டை அணைச்சிட்டு போன் டார்ச்சை ஆன் பண்ணி வச்சு, ஒரு கைப்பிடி எடுத்து அந்த வெளிச்சத்துக்கு மேல உதறுங்க, பகல்ல கண்ணுக்கே தெரியாத தூசி அப்போ புகையா மிதக்குறது தெரியும், அது அடங்க நேரம் ஆச்சுன்னா அந்த பொருள் வேணாம், இல்லன்னா சலிச்சிட்டு தான் உபயோகிக்கணும். அடுத்து மூஞ்சிகிட்ட வச்சு மோந்து பாருங்க, எந்த வாசனையா இருந்தாலும் சரி, லாவெண்டரோ எலுமிச்சையோ புது மேஜை வாசனையோ, வாசனை வந்தாலே யோசிக்கணும். கடைசியா ஒரு கிண்ணத்துல கொஞ்சம் போட்டு ரெண்டு ஸ்பூன் தண்ணி ஊத்திட்டு மேல கைய வச்சு அமுக்குங்க, கை நனைஞ்சா எலியோட பாதமும் வயிறும் அப்படித்தான் நனையப் போகுது.

மரச்சுருள்: ஓசியில கிடைக்குதுன்னு அள்ளிட்டு வராதீங்க

எல்லாருக்கும் முதல்ல தோணுறது இது தான், பக்கத்து மரக்கடையில ஆசாரி இழைச்சு தள்ளின சுருள் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கும், கேட்டா ஒரு சாக்கு சும்மாவே குடுப்பாரு. பிரச்சனை என்னன்னா அந்த குவியல்ல என்ன மரம் இருக்குன்னு அவருக்கே தெரியாது. காலைல தேக்கு கதவு இழைச்சிருப்பாரு, மத்தியானம் பிளைவுட் அறுத்திருப்பாரு, எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கும். பிளைவுட், மரத்தூளை அமுக்கி செய்யுற எம்டிஎஃப் பலகை எல்லாம் ஃபார்மால்டிஹைடுங்கிற ரசாயனம் கலந்த பசையில ஒட்டினது. தேக்கு தூசி ஆசாரிங்களுக்கே அரிப்பும் தும்மலும் குடுக்கும். ரப்பர் மரப் பலகை பூச்சி அரிக்காம இருக்க போரான் கலந்த மருந்துல ஊறி தான் வருது, பழைய கதவு ஜன்னலை இழைச்ச சுருள்னா அதுல கரையான் மருந்து, வார்னிஷ், பெயிண்ட் எல்லாமே இருக்கும். அந்த சுருளை எலி வாயில கடிச்சு, கூடு கட்டி, அதுக்குள்ளயே தூங்கும்ங்கிறதை யோசிச்சு பாருங்க.

பேக்கிங் கட்டை, பேலட் கட்டைய இழைச்ச சுருள் சுத்தமா வெள்ளையா அழகா இருக்கும், அதுவும் ஏமாத்து வேலை தான். வெளிநாட்டுலேர்ந்து வர்ற பேலட்ல ஒரு முத்திரை இருக்கும், ஹெச்டின்னு இருந்தா சூடு பண்ணி பூச்சி கொன்னது, எம்பின்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது. எம்பி முத்திரை உள்ளது பக்கமே போகக் கூடாது, ஹெச்டியா இருந்தாலும் அது மேல வழியில என்ன கொட்டுச்சுன்னு யாருக்கு தெரியும், தவிர அதுல நிறைய பைன் மரம் தான்.

பைன்கிட்ட வந்துட்டோம். நம்ம ஊர் பெட் ஷாப்லயும் ஆன்லைன்லயும் பாக்கெட்ல கிடைக்கிற மரச்சுருள்ல நிறைய பைன் தான். சீடர் மரமும் பைனும் வாசனையா இருக்குறதுக்கு காரணம் அதுல இருக்குற எண்ணெய், பிசின், பினால் வகையறா தான். சீடரை பத்தி ரெண்டாவது பேச்சே கிடையாது, வேணாம். 1967லயே ஆராய்ச்சிக்கூடத்துல கவனிச்சிருக்காங்க, சீடர், பைன் சுருள் மேல வச்ச எலிகளுக்கு தூக்க மருந்து குடுத்தா சீக்கிரமே முழிச்சுக்கிச்சு, ஏன்னு பாத்தா அந்த மர வாசனையால கல்லீரல்ல மருந்தை உடைக்கிற என்சைம் ஏறிப் போயிருந்துச்சு. அதாவது எலி வெறுமனே அது மேல படுத்திருந்தாலே கல்லீரலுக்கு ஓவர்டைம். நாளைக்கு ஒரு கட்டி எடுக்க மயக்க மருந்து குடுக்க வேண்டி வந்தா இதெல்லாம் கணக்குல வரும்.

கில்ன் ட்ரைடு பைன் பரவால்லையான்னு கேட்டா, சூளையில காய வச்சா அந்த வாசனை எண்ணெய் நிறைய போயிடும், அதனால பச்சை பைனை விட நூறு மடங்கு மேல், ஆனா பிசின்ல இருக்குற அபீட்டிக் ஆசிட் அவ்ளோ சுலபமா போகாது. என் கருத்து, வேற எதுவுமே கிடைக்கலன்னா பாக்கெட்ல கில்ன் ட்ரைடுன்னு போட்டு, பிரிச்சா பைன் வாசனையே வராம, டார்ச் சோதனையில தூசி இல்லாம இருந்தா, எலி மூத்திரம் புழுக்கை போக மூலையில வைக்கிற டாய்லெட் ட்ரேல மட்டும் போடுங்க, தூங்குற இடத்துல வேணாம். ஆஸ்பென் சுருள் கிடைச்சா தாராளமா வாங்குங்க, அதுல இந்த பிரச்சனை எல்லாம் இல்ல, இறக்குமதி விலைய தாங்க முடிஞ்சா சரி. சிராத்தூள் மட்டும் எந்த மரமா இருந்தாலும் வேணவே வேணாம், அது தூசியே தான்.

பேப்பர்: நம்ம ஊருக்கு இது தான் சரி

விலை, கிடைக்கிறது, ஈரம் இழுக்குறது, தூக்கிப் போடுறது எல்லாத்தையும் சேத்து பாத்தா பேப்பர், அட்டை தான் என் ஓட்டு. இதுலயும் வகை இருக்கு.

பாக்கெட்ல வர்ற பேப்பர் பெட்டிங், அந்த மெத்து மெத்துன்னு சாம்பல் இல்ல வெள்ளை கலர்ல இருக்குமே, அது அருமை, ஆனா ரெண்டு எலிக்கு மாசா மாசம் வாங்கினா பட்ஜெட் கடிக்கும். அச்சடிக்காத வெறும் நியூஸ்பிரிண்ட் காகிதம், கூரியர் பார்சல்ல சுருட்டி அடைச்சு வர்ற காக்கி பேப்பர், தேன்கூடு டிசைன்ல வெட்டின பேக்கிங் பேப்பர், இதெல்லாம் கிழிச்சு போட சூப்பரா இருக்கும். பழைய நியூஸ் பேப்பர் எமர்ஜென்சிக்கு ஓகே, ரொம்ப நாள் வேணாம், அதோட மை கைல ஒட்டுறது உங்களுக்கே தெரியும், வெள்ளை எலின்னா ஒரு வாரத்துல சாம்பல் எலி ஆயிடும். வடைய நியூஸ் பேப்பர்ல மடிச்சு குடுக்காதீங்கன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016லேர்ந்து சொல்லிட்டு இருக்கு, எலி அதை நாள் முழுக்க நக்கிட்டும் கடிச்சிட்டும் இருக்குமே. பளபளன்னு இருக்குற வாரமலர் கவர், கல்யாண பத்திரிகை, ஜிகினா பேப்பர் எல்லாம் ஈரமே இழுக்காது, விட்டுடுங்க.

ஆபீஸ்ல ஷ்ரெட் பண்ணின பேப்பரை மூட்டையா கொண்டு வர்றவங்க ஒரு தடவை தரையில கொட்டி கைய விட்டு பாத்துடுங்க, ஸ்டேப்ளர் பின் கண்டிப்பா ரெண்டு மாட்டும். அதுல கடை பில், ஏடிஎம் சீட்டு கலந்திருந்தா எடுத்துடணும், அந்த வழவழ பேப்பர் தெர்மல் பேப்பர், அதுல பிஸ்பீனால்ங்கிற ரசாயனப் பூச்சு இருக்கும். நீள நீளமா வர்ற ஷ்ரெட் காலை சுத்திக்கும், சின்னதா கட்டம் கட்டமா வர்றது தான் நல்லது.

முட்டை அட்டை அருமையான ஐட்டம், ஆனா கோழி எச்சம் ஒட்டினதுல சால்மோனெல்லா வரும், கறை இல்லாத புது அட்டையா கேட்டு வாங்குங்க. அமேசான் டப்பா, அட்டைப்பெட்டி எல்லாம் டேப், லேபிள், ஸ்டிக்கர் பசைய உரிச்சிட்டு அப்படியே குடுத்தா எலி அதுவே கடிச்சு தூளாக்கி தனக்கு வேணும்ங்கிற சைஸ்ல பெட்டிங் பண்ணிக்கும், நமக்கு வேலை மிச்சம், அதுக்கு பொழுதுபோக்கு.

பழைய பேப்பர் கடையிலேர்ந்தோ குடோன்லேர்ந்தோ வாங்குறதா இருந்தா ஒரு எச்சரிக்கை. அங்க எல்லாம் தெரு எலி, பெருச்சாளி ராத்திரி பூரா ஓடும், அதுங்க மூத்திரத்துலேர்ந்து எலிக்காய்ச்சல் கிருமி, மேல இருக்குற பேன், மைட்ங்கிற பொடி உண்ணி எல்லாம் நம்ம வீட்டு எலிக்கு வரும், எலிக்காய்ச்சலும் மைட் கடியும் நமக்கும் வரும். கறை, புழுக்கை, அரிச்ச அடையாளம் இருந்தா வேணாம்னு சொல்லிடுங்க. நல்லதா இருந்தாலும் நல்ல உச்சி வெயில்ல மொட்டை மாடியில காய வச்சு எடுங்க. ஃப்ரீசர்ல 48 மணி நேரம் வச்சா மைட், பேன் செத்துடும், வீட்டுல அம்மா சம்மதிச்சா அதையும் பண்ணலாம், இறுக்கி கட்டின கவர்ல போட்டு மீன் பாக்கெட்டுக்கு பின்னாடி வச்சிடுங்க, யாரும் பாக்க மாட்டாங்க.

இப்ப வீட்டுலயே செய்யுற பேப்பர் பெட்டிங். முட்டை அட்டையையோ நியூஸ்பிரிண்டையோ கிழிச்சு பக்கெட்ல சுடுதண்ணி ஊத்தி ராத்திரி முழுக்க ஊற விடுங்க. காலைல கையால நல்லா பிசைஞ்சா கூழாயிடும். அந்த தண்ணிய வடிச்சிட்டு மறுபடி தண்ணி ஊத்தி அலசுங்க, மை இருந்தா அதுல நிறைய போயிடும், தண்ணி சாம்பலா வர்றதை நீங்களே பாக்கலாம். பழைய வேட்டித் துணியில கட்டி இறுக்கி பிழிஞ்சு, அரை பக்கெட் கூழுக்கு ஒரு கைப்பிடி சோடா உப்பு தூவி கலந்து, விரல் நுனியால புட்டு மாவு பதத்துக்கு உதிர்த்து, மாடியில ஒரு பழைய துணிய விரிச்சு பரத்தி காய வைங்க. வெயில் காலம்னா ரெண்டு மூணு நாள் ஆகும். மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரம் நிக்கும், அதனால ஒரு உருண்டைய எடுத்து நடுவுல பிச்சு பாத்துட்டு தான் டப்பாவுல கட்டணும், இல்லன்னா உள்ள பூஞ்சை பிடிச்சு மொத்தமும் குப்பை. சித்திரை வைகாசியிலயே நாலு மாசத்துக்கு சேத்து செஞ்சு வச்சுக்கிட்டா மழைக்காலத்துல கவலை இல்ல. இது மூத்திரத்தை நல்லா உறிஞ்சும், டாய்லெட் ட்ரேக்கு இதை விட நல்லது கடையில கிடைக்காதுன்னு தான் சொல்லுவேன்.

துணி

ஃப்ளீஸ்னு கம்பளி மாதிரி மெத்துன்னு வர்ற செயற்கைத் துணிய எல்லாரும் புகழுவாங்க, பாக்கவும் அழகா இருக்கும், போட்டோவுக்கு நல்லா வரும். ஆனா ஃப்ளீஸ் தானா ஈரத்தை வச்சுக்காது, கீழ தள்ளி விடும், அதனால அடியில உறிஞ்சுற ஒண்ணு, பழைய பனியன் துணியோ பேப்பரோ நாலு மடிப்பா இருந்தாகணும், அது இல்லாம பிளாஸ்டிக் மேல நேரா ஃப்ளீஸ் போட்டா அடியில மூத்திரக் குளம் தான். நம்ம புழுக்கத்துல அதை ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மாத்தணும், துவைக்கணும், கம்ஃபர்ட் வகை வாசனை லிக்விட் போடாம துவைக்கணும், மழை நாள்ல காய வைக்கணும். அவ்ளோ பொறுமை இருந்தா பண்ணுங்க. மேல் தட்டுக்கும் தொட்டிலுக்கும் மட்டும் ஃப்ளீஸ், அடியில பேப்பர்னு வச்சுக்கிட்டா வேலை பாதியா குறையும்.

டர்க்கி டவல் வேணாம், அதுல இருக்குற சின்ன சின்ன நூல் வளையத்துல எலியோட நகம் மாட்டிக்கும், பயந்து இழுத்து நகத்தையே பிச்சுக்கும். பழைய காட்டன் புடவை, வேட்டி எல்லாம் மெத்துன்னு தான் இருக்கும், ஆனா எலி கடிச்சு ஓட்டை போட்டதும் ஓரத்துலேர்ந்து நூல் பிரியும், அந்த ஒத்த நூல் விரலை சுத்தி இறுக்கிடுச்சுன்னா விரல் வீங்கி கருத்துப் போகும், சமயத்துல விரலே போயிடும். துணி போடுறவங்க தினமும் ஓரத்தை தடவி பாத்து பிசிறு இருந்தா வெட்டிடணும், ஓட்டை பெருசாச்சுன்னா தூக்கிப் போட்டுடணும். பீரோவுல அந்துருண்டையோட கிடந்த துணின்னா எத்தனை தடவை துவைச்சாலும் வேணாம். ஹாம்ஸ்டர் மெத்தைன்னு விக்கிற பஞ்சு, தலையணை பஞ்சு ரெண்டும் கிட்டவே வேணாம், காலை சுத்தும், முழுங்கினா குடல்ல அடைக்கும். கூடு கட்ட ஏதாவது குடுக்கணும்னா வாசனை இல்லாத வெள்ளை டிஷ்யூ பேப்பரை குடுத்து பாருங்க, பத்து நிமிஷத்துல இழுத்துட்டு போய் கட்டிடும்.

மத்ததெல்லாம் சுருக்கமா

நெல் உமி: நம்ம நாட்டு ஆராய்ச்சிக்கூடங்கள்ல நிறைய இடத்துல இது தான் போடுறாங்க, ஆனா அவங்க ஆட்டோகிளேவ்ல (நீராவியில கிருமி கொல்லுற மெஷின்) போட்டு எடுத்து தான் போடுவாங்க. ரைஸ் மில் உமியில தூசி அதிகம், முனை குத்தும், ஈரமும் அவ்ளோவா இழுக்காது, மில்லுல தெரு எலி வேற. கோழிப்பண்ணைக்கு சரி. வைக்கோல் கண்ணுல குத்தும், பூஞ்சை பிடிக்கும், ஈரம் இழுக்காது. கரும்புச் சக்கைய சிலர் ட்ரை பண்றாங்க, பூஞ்சை பிடிச்ச சக்கை தூசியால சர்க்கரை ஆலை தொழிலாளிங்களுக்கே பகாசோசிஸ்னு நுரையீரல் நோய் வருது, எலிக்கு எதுக்கு அந்த விஷப்பரீட்சை. கார்ன் காப், அதாவது மக்காச்சோளக் கட்டைத் துண்டு, பாக்க சுத்தமா இருக்கும், நனைஞ்சா நம்ம ஊர்ல சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், எலி அதை தின்னவும் செய்யும்.

பூனை கக்கூஸ் போக ட்ரேல கொட்டுற லிட்டர் (litter) இருக்குல்ல, அதுல பென்டோனைட் மண் லிட்டர்னா தண்ணி பட்டா கட்டியாகுற வகை, அதை எலி தின்னா வயித்துக்குள்ளயும் அதே தான் நடக்கும், தூசியும் ஜாஸ்தி. டோஃபு லிட்டரும் ஈரம் பட்டா உப்பும், சோயா வாசனைக்கு எலி கண்டிப்பா கடிச்சு பாக்கும். பூனை லிட்டர்லயே பேப்பர் பெல்லட் கிடைக்கும், அது மட்டும் எலிக்கும் ஓகே, ட்ரேக்கு நல்லது.

தேங்காய் நார் நீளமா இருந்தா விரலை சுத்தும். கோகோபீட்ங்கிற தேங்காய் நார்த்தூள் காஞ்சா ஒரே தூசி, ஆனா ஒரு டப்பாவுல லேசா ஈரமா போட்டு உள்ள நாலு கொள்ளு, பச்சைப்பயறு விதைச்சு வச்சீங்கன்னா எலி தோண்டி தோண்டி விளையாடும், வெயில் நேரத்துல அதுக்குள்ள போய் குளுகுளுன்னு படுத்துக்கும். விளையாட்டு டப்பாவா மட்டும் வைங்க, கூண்டு பூரா கொட்டாதீங்க.

எப்படி விரிக்கிறது

கம்பி வலை தரை உள்ள கூண்டுன்னா முதல்ல கம்பிய மூடணும். வெறும் கம்பியில, அதுவும் மூத்திரம் பட்ட கம்பியில நடந்து நடந்து குதிகால்ல புண்ணாகும், பம்பிள்ஃபுட்னு சொல்றது, ஒரு தடவை வந்துட்டா ஆறுறது கஷ்டம், குண்டான ஆம்பள எலிக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு வாங்குற பிளாஸ்டிக் அட்டை, சன்பேக் ஷீட்டை சைஸுக்கு வெட்டி போட்டா மலிவா முடியும், துடைக்கிறது ஈஸி, கடிச்சு கந்தலானா மாத்திக்கலாம். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை போடாதீங்க, பிரிண்ட் மையும் பிவிசியும் கடிக்கிறதுக்கு நல்லதில்ல.

அதுக்கு மேல அடித்தட்டுல 5 செண்டிமீட்டர் பேப்பர் போதும், ஒரு மூலையில மட்டும் 10, 12 செண்டிமீட்டர் ஏத்தி விடுங்க, தோண்டணும்னு ஆசைப்படுறது அங்க தோண்டட்டும். எலிக்கு வேர்க்காது, வால் வழியாவும் பாதம் வழியாவும் தான் சூட்டை வெளிய விடும், 32 டிகிரிக்கு மேல போனாலே கவனமா இருக்கணும். வெயில் காலத்துல கூண்டுல பாதி இடத்தை காலியா விட்டு ஒரு டைல்ஸ் துண்டையோ கடப்பா கல்லையோ வச்சிடுங்க, ஒரு மண்சட்டிய தண்ணியில ஊற வச்சு கவுத்தி பக்கவாட்டுல வாசல் விட்டு வச்சா எலிங்க எல்லாம் அதுக்குள்ள தான் கிடக்கும். மழைக்காலத்துல ஜன்னல் ஓரத்துலேர்ந்து கூண்டை நகத்தி, பெட்டிங் கனத்தை குறைச்சு, அடிக்கடி மாத்துறது தான் வழி. கண்ணாடித் தொட்டியில வளக்குறவங்களுக்கு காத்தோட்டமே கிடையாது, என்ன பெட்டிங் போட்டாலும் அம்மோனியா உள்ளயே நிக்கும், முடிஞ்சா கம்பிக் கூண்டுக்கு மாறுங்க.

எலிய டாய்லெட் ட்ரேக்கு பழக்குறது நினைக்கிற அளவுக்கு கஷ்டமில்ல. ரெண்டு நாள் கவனிச்சா எந்த மூலையில புழுக்கை அதிகமா விழுதுன்னு தெரியும், அந்த மூலையிலயே ட்ரேய வச்சு, கூண்டுல போட்டதுக்கு வேற மாதிரி பொருளை போடுங்க, அங்கங்க கிடக்குற புழுக்கைய பொறுக்கி அதுல போடுங்க, நடுவுல கழுவின ஒரு வழவழ கூழாங்கல்லை வைங்க, அது மேல மூத்திரம் போறது எலிக்கு ரொம்ப பிடிக்கும். புழுக்கை அங்க தான்னு புரிஞ்சுக்கும், மூத்திரம் மட்டும் ஆம்பள எலி எல்லா இடத்துலயும் சொட்டு விட்டுட்டு தான் போகும், அதை மாத்த முடியாது.

ட்ரேய தினமும் கொட்டுங்க, மத்த இடத்துல நனைஞ்சதை மட்டும் எடுங்க, வாரத்துக்கு ஒரு தடவை பெருசா மாத்துங்க, மழைக்காலத்துல நாலு நாளைக்கு ஒரு தடவை. மொத்தத்தையும் வழிச்சு எடுத்துடாம பழையதுல காஞ்ச கைப்பிடி ரெண்டை திரும்ப போட்டுடுங்க, தன்னோட வாசனையே இல்லன்னா எலி பதறிப் போய் கூண்டு பூரா மறுபடி மூத்திரம் அடிக்கும், நீங்க சுத்தம் பண்ணின அன்னிக்கே நாத்தம் வர்றது இதனால தான்.

கழுவ ஒரு பங்கு வெள்ளை வினிகர், ரெண்டு பங்கு தண்ணி போதும், காஞ்சு படிஞ்ச மூத்திர உப்பு கூட ஊறி வந்துடும். பினாயில் கண்டிப்பா வேணாம், வெள்ளை பினாயிலே பைன் எண்ணெய்ல தான் செய்யுறது, பைன் சுருள் வேணாம்னு தேடித் தேடி பேப்பர் வாங்கிட்டு அதே பைனால கூண்டை துடைக்கிற கூத்து நிறைய வீட்டுல நடக்குது. பிளீச்சிங் பவுடர் மூத்திரத்துல இருக்குற அம்மோனியாவோட சேர்ந்தா குளோரமைன் வாயு வரும், அது எலிக்கும் ஆகாது உங்களுக்கும் ஆகாது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுற வீடுன்னா அந்த நேரம் கூண்டை வேற ரூமுக்கு மாத்திடுங்க, ஊதுபத்தி, கொசுவர்த்தி சுருள், ரூம் ஸ்பிரே எல்லாத்துக்கும் இதே தான், இவ்ளோ பாத்து பெட்டிங் போட்டுட்டு மேல புகைய விட்டா என்ன பிரயோஜனம்.

மாத்தினப்புறம் என்ன கவனிக்கணும்

புது எலி, புது இடம்னா சில நாள் லேசா தும்மும், பயப்பட வேணாம். பெட்டிங் மாத்தின அன்னிக்கே தும்மல் கூடினா அந்த பெட்டிங்கை எடுத்துட்டு வெறும் டிஷ்யூ, காக்கி பேப்பர்ல ஒரு வாரம் வச்சு பாருங்க, குறைஞ்சா காரணம் புரிஞ்சிடும். கண்ணு ஓரத்துலயும் மூக்குலயும் சிவப்பா காஞ்சு ஒட்டியிருந்தா ரத்தம்னு அலற வேணாம், அது போர்ஃபிரின்னு கண்ணு பின்னாடி இருக்குற சுரப்பியிலேர்ந்து வர்றது, ஆனா எலி ஏதோ கஷ்டத்துல இருக்குன்னு அர்த்தம். காதுகிட்ட வச்சு கேட்டா நெஞ்சுல கர கரன்னு சத்தம், மூச்சு இழுக்குறப்ப விலா உள்ள குழியுறது, முதுகை கூனி முடிய சிலுப்பிக்கிட்டு உக்காந்திருக்கிறது, இதுல எதை பாத்தாலும் பெட்டிங் ஆராய்ச்சிய நிறுத்திட்டு அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. எல்லா பெட் கிளினிக்லயும் எலி பாக்க மாட்டாங்க, போன் பண்ணி கேட்டுட்டு போங்க, சென்னைன்னா வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில விசாரிக்கலாம். என்ன பெட்டிங் போடுறீங்க, எப்போ மாத்தினீங்கன்னு சொல்லுங்க, முடிஞ்சா கொஞ்சம் கவர்ல போட்டு எடுத்துட்டும் போங்க.

எடுத்த பழைய பெட்டிங்கை டாய்லெட்ல போட்டு ஃப்ளஷ் பண்ணாதீங்க, பைப் அடைச்சுக்கும். பேப்பர் பெட்டிங்னா மாடித்தோட்டம் வச்சிருக்கிறவங்க காய்கறி கழிவோட கலந்து கம்போஸ்ட் தொட்டியில போடலாம், சீக்கிரமே மக்கிடும், ஆனா ஆறு மாசமாவது விட்டுட்டு அப்புறம் குரோட்டன்ஸ், செம்பருத்தி தொட்டிக்கு போடுங்க, பச்சையா சாப்பிடுற கொத்தமல்லி, புதினா தொட்டிக்கு வேணாம். தோட்டம் இல்லாதவங்க கவர்ல இறுக்கி கட்டி குப்பைக்கு குடுத்துட்டு கைய சோப்பு போட்டு கழுவிடுங்க.